தேடி வந்தவர்கள் என்ன அடித்தார்கள் என்று பாருங்கள்

கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் பத்திரிகையோடு கவர் மேல் முகவரி அடிக்கிற வேலையும் சேர்ந்துவிடும். போன வைகாசியில் ஒரு வீட்டுக்கு நானூறு கவர். பட்டியலில் உள்ள முகவரிகளை ஒரே மாதிரியில் ஒவ்வொன்றாகத் தானே நிரப்பித் தரும் வசதிக்குக் கடையில் ‘மெயில் மெர்ஜ்’ என்போம். கடைப் பையன் உங்கள் உதவித் தளத்தின் தேடல் பெட்டியில் அதை அடித்தான். ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. ‘மெயில்மெர்ஜ்’ என்று சேர்த்து அடித்தான், ஆங்கில எழுத்தில் அடித்தான், அப்போதும் அதே பதில்தான். அப்புறம் நான் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தால், ‘அஞ்சல் ஒன்றிணைப்பு’ என்ற தலைப்பில், படம் படமாகப் போட்டு, அவ்வளவு பொறுமையாக எழுதி வைத்திருக்கிறீர்கள்! வேண்டியவன் கண்ணில் அது படவே இல்லை.

கலைச்சொல்லை எடுக்கச் சொல்லவில்லை. அது இருக்கட்டும், பக்கத்திலேயே கடையில் புழங்கும் சொல்லையும் போடுங்கள். எந்தச் சொல் புழங்குகிறது என்று நாம் ஊகிக்கவும் வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம்தான். கூகுளில் எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்று 16 மாதக் கணக்கைக் காட்டும். முதல் சில இடங்களுக்குள் வந்தும் யாரும் சொடுக்கவில்லை என்றால் முதலில் தலைப்பைச் சந்தேகப்படுங்கள். மாற்றிவிட்டு 28 நாள் கழித்து முந்தைய 28 நாளோடு ஒப்பிட்டால் பலன் தெரிந்துவிடும்.

ஆனால் மிகச் சிலரே தேடிய சொற்களை, தனியுரிமைக்காக, அது காட்டாது. தமிழில் தேடுகிறவர்கள் குறைவு என்பதால் நமக்கு இது பெரிய இழப்பு. அதனால் உங்கள் தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியையும் கவனியுங்கள். தளத்துக்கு வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள், என்ன தேடுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் மட்டோமோ திறமூல மென்பொருள்தான், உங்கள் சர்வரிலேயே நிறுவலாம், வருகிறவர்களின் ஐபி முகவரியை மறைத்துச் சேமிக்கலாம். தேடியும் ஒன்றும் கிடைக்காத சொற்களைத் தனியாகவே பட்டியலிட்டுத் தரும். அடுத்து எந்தப் பக்கம் எழுதலாம் என்று கூட்டம் போட்டுப் பேசுவதைவிட எனக்கு அந்தப் பட்டியல் மேல்தான் நம்பிக்கை.

இன்னொன்று. அதிகம் பேர் பார்க்கிற பக்கம்தான் நல்ல பக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிழைச் செய்தியை விளக்கும் பக்கத்துக்குத் தினமும் கூட்டம் வருகிறது என்றால் கோளாறு மென்பொருளில் இருக்கலாம், அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நிரல் எழுதுகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

சரி, சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குக் கடை கிடையாது. சர்ச் கன்சோலில் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், முழு உரிமை வேண்டாம். மாதம் ஒருமுறை அந்தச் சொற்களைப் பிரித்து, எது எந்தப் பக்கத்துக்குப் போகவேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். முதலில் ‘மெயில் மெர்ஜ்’.

அன்புடன்,
சிம்மக்கல்லிலிருந்து ஒரு டிடிபி ஆபரேட்டர்