பறிமுதல் வண்டியும் கழித்த வண்டியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற இடத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். என் முட்டிவலியைப் பற்றி எழுதினால் நீ மேற்கொண்டு படிக்கமாட்டாய் என்பதால் விட்டுவிடுகிறேன். கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அரசு ஏலத்தில் ஒரு பறிமுதல் காரைப் பார்த்து வைத்திருப்பதாக, அதற்குத்தான் இந்த அவசரப் பதில்.

ஏலத்துக்கே போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் பறிமுதல் சரக்கு வேறு, அலுவலகம் வேண்டாமென்று கழித்த சரக்கு வேறு. அறிவிப்பில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். படத்தில் பறிமுதல் வண்டிதான் பளபளக்கும். என்னைக் கேட்டால் கழித்ததைத்தான் எடு என்பேன்.

கழித்த வண்டி எப்போது வாங்கியது, எப்போது ஆயில் மாற்றியது, எங்கே ஒட்டுப்போட்டது என்பதற்கெல்லாம் பெரும்பாலும் பதிவு இருக்கும். கேட்டால் காட்டுவார்கள். வண்டிக்கு இத்தனை வயது, இத்தனை தூரம் என்று விதி வைத்துக் கழிப்பதால், உருப்படியான வண்டியும் அந்த வரிசையில் வந்து நிற்கும். பறிமுதல் வண்டியின் கதை வேறு. வழக்கு முடியும்வரை வெயிலிலும் மழையிலும் கிடக்கும், சில சமயம் வருடக்கணக்கில். பேட்டரி செத்திருக்கும், பெட்ரோல் கெட்டுப் பிசினாகியிருக்கும், நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகியிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். சாவியே இல்லாமல் விற்பதும் உண்டு. பழைய சொந்தக்காரர் வந்து சர்வீஸ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போகவா போகிறார்?

இப்படிப் பொருளின் நிலை தெரியாமல் கேட்பதுதான் ஏலத்தில் ஆபத்து. 1971இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுக்கும் கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வருவதில்லை என்பது அவர்கள் கேள்வி. உள்ளே எவ்வளவு எண்ணெய் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு மதிப்புப் போடுகிறார்கள். யார் மதிப்பு அளவுக்கு மீறிப் போயிருக்கிறதோ அவர்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறார். 'வென்றவர் சாபம்' என்று இதற்குப் பெயர். பொருளைப் பற்றித் தெரிந்தது குறையக் குறைய, ஏலம் கேட்பவர்கள் கூடக் கூட, சாபம் கனக்கும். உன் கார் அந்த ஜாதி.

பறிமுதல் சரக்கு எல்லாமே அப்படியில்லை, அதையும் சொல்லவேண்டும். 2014இல் அமெரிக்க மார்ஷல்கள் துறை, சில்க் ரோடு என்ற கள்ளச்சந்தைத் தளத்திலிருந்து பிடித்த 29,656 பிட்காயினை, அதாவது கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும் பணத்தை, ஏலம் விட்டது. டிம் டிரேப்பர் என்ற முதலீட்டாளர் அத்தனையையும் ஒருவராகவே எடுத்தார். அதில் துருப்பிடிக்க என்ன இருக்கிறது? அன்றைய சந்தை விலை எல்லோருக்கும் தெரியும். விலை அப்புறம் ஏறுமா இறங்குமா என்பது மட்டும்தான் அவரவர் துணிச்சல்.

கழித்த வண்டியிலும் காவல்துறை வண்டி என்றால் கொஞ்சம் யோசி. மீட்டரில் தூரம் குறைவாக இருந்தாலும், நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக இன்ஜின் ஓடியிருக்கும். சில வண்டிகளில் இன்ஜின் ஓடிய மணிநேரம் தனியாகப் பதிவாகும், அதைக் கேள். கம்ப்யூட்டர் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியிருக்கவும் கூடும். மேசை, இரும்பு பீரோ மாதிரி சாமான்களில் ஏமாற்றம் குறைவு. ஆட்டிப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

நிபந்தனைகளில் 'உள்ள நிலையில், உள்ள இடத்தில்' என்று ஒரு வரி வரும். எடுத்த பிறகு எந்தக் குறைக்கும் அவர்கள் பொறுப்பில்லை, தூக்கிக்கொண்டு போவதும் உன் பாடு. கெடு தாண்டினால் இடவாடகை கேட்பார்கள், சில இடங்களில் டெபாசிட்டும் போய்விடும். வரி, கமிஷன், இழுத்துவரும் வண்டிக் கூலி எல்லாம் கூட்டி ஒரு தொகை எழுதிக்கொள். அதற்கு மேல் கை தூக்காதே. பக்கத்தில் நிற்பவர் ஏற்றுகிறார் என்பதற்காக ஏற்றுவதுதான் உன் சுபாவம், சீட்டாட்டத்திலேயே பார்த்திருக்கிறேன்! அங்கே வழக்கமாக வரும் வியாபாரிகள் முன்கூட்டியே பேசிவைத்து, சிண்டிகேட் போட்டு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதும் உண்டு. சட்டப்படி தவறுதான், ஆனாலும் நடக்கிறது. புதிதாக வருபவரை வேண்டுமென்றே ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

சரக்கைப் பார்வையிட எந்த நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உடனே எழுது. மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன், முட்டிவலி கிடக்கட்டும். காரை விட்டாலும் விடு, அதே பட்டியலில் கழித்த இரும்பு பீரோ இருந்தால் எனக்கு அந்த லாட் நம்பரைக் குறித்து வை.

உன்,
பழைய அறைத்தோழன்