செயலாளர் ஆண்டறிக்கை: தி. நகரில் மரத்தடி மண்ணைத் திறந்து வைப்போம்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போர், கடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை, கொசு மருந்து போன்ற வழக்கமான வேலைகள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நம் மரத்தடி மண்ணைப் பற்றி.

தி. நகர் ஏரிக்குள் எழுந்த ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து, 1920-களில் இங்கே மனை பிரித்தார்கள். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு அந்தக் கரையின் அடையாளம்தான். நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து விரியும் அகலச் சாலைகள், உள்ளே நடேசன் பூங்கா என்று அன்று வரைந்தவர்கள் திறந்த மண்ணுக்குத் தாராளமாகவே இடம் விட்டிருந்தார்கள். அப்புறம் வீட்டுக்குக் கீழே கடை, கடைக்கு மேலே அடுக்குமாடி என்று வந்து, தோட்டமெல்லாம் கார் நிறுத்தும் தளமாகிவிட்டது. ஏரி போனாலும் பள்ளம் இருக்கிறதே! 2015-லும் 2021-லும் மழைநீர் பழைய இடத்தைத் தேடி வந்ததைப் பார்த்தோம். மாம்பலம் கால்வாய் அடையாற்றில் போய்ச் சேர வேண்டும். ஆறே நிறைந்து ஓடும்போது கால்வாய்த் தண்ணீர் எங்கே இறங்கும்? விழுந்த இடத்திலேயே கொஞ்சமாவது மண்ணுக்குள் போக வேண்டும்.

நம் தெருவில் நடைபாதைக்குக் கல் பதித்தபோது, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மரத்தின் தூர் வரை சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஒரு வேப்பமரத்தில் பட்டைக்குள்ளேயே சிமெண்ட் விளிம்பு புதைந்திருந்தது. கடப்பாரையால் நெம்பி எடுத்தபோது அடியில் மண் பொடியாக உதிர்ந்தது. அது ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த வாரம்! மேலே கணுக்கால் தண்ணீர், கீழே ஈரமே இல்லை.

டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. அதே அளவை நாமும் வைத்துக்கொண்டோம். இளைஞர்கள் ஞாயிறு காலைகளில் உடைத்து, எருவும் சருகும் போட்டு, ஓரத்துக் கல்லைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தினார்கள். கல் உயர்ந்து நின்றால் தண்ணீர் உள்ளே வராது. வாசலில் சேறாகும் என்று தயங்கிய கடைக்காரர்கள் சிலர், இப்போது குழியில் குப்பை விழாமல் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த அகல நடைபாதை நல்ல முயற்சி. குடும்பத்தோடு நிம்மதியாக நடக்க முடிகிறது. ஆனால் கல் பரப்புக்குக் கிடைத்த அக்கறை நிழலுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ வேலை முடிந்து சாலையைச் சீரமைக்கும்போதாவது, மரக்குழிக்கு இடம் விட்டு வரைபடம் போடச் சொல்லி மாநகராட்சியிடம் கேட்கப் போகிறோம். 2016 வர்தா புயலில் மரங்கள் சாய்ந்ததை மறக்க முடியாது. அதனால் புதிதாக நடுவதற்கு நம் மண்ணுக்குரிய மரங்களான புங்கம், வேம்பு, மகிழம் வேண்டும் என்றும் மனுவில் எழுதியிருக்கிறோம்.

மனு பொருளாளரிடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது கையெழுத்துப் போட்டுவிட்டுச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்