பூசண மருந்தில் முக்காத பேலட்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் பட்டறையிலிருந்து அனுப்பிய மர பேலட்டுகளில் (சரக்கை அடுக்கி ஏற்றும் மரத் தட்டுகளில்) ஒரு பகுதி கருநீலப் புள்ளி விழுந்து திரும்பி வந்தது. தவறு எங்களுடையதுதான். ஈரம் முழுதாக இறங்காத பைன் கட்டைகளைத் தார்ப்பாய்க்கு அடியில் நெருக்கி அடுக்கிவிட்டோம். காற்றுப் புக வழியில்லாமல் சில நாட்களிலேயே பூசணம் பிடித்துவிட்டது. அத்தனையையும் மாற்றிக் கொடுத்தோம். அப்போது உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "அறுத்த கையோடு மருந்துத் தொட்டியில் ஒரு முறை முக்கி எடுத்தால் பூசணமே வராதே, நீங்கள் ஏன் செய்வதில்லை?"

தொலைபேசியில் அவசரமாகச் சொன்ன பதில் யாருக்கும் நிறைவாக இருந்திருக்காது. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் சொன்ன மருந்துகளில் ஒன்று டிரைபுரோமோபீனால். பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்கு இதன் செய்முறை தெரியும். பீனால் கரைசலில் புரோமின் நீரை விட்டதும் வெள்ளையாக ஒரு வீழ்படிவு இறங்குமே, அதுதான் இது. ஒரு பீனால் வளையத்தில் மூன்று புரோமின் அணுக்கள். கிருமியையும் பூசணத்தையும் அடக்குவதில் வல்லது. இதன் பிஸ்மத் உப்பைக் கலந்த மஞ்சள் நிறக் களிம்புத் துணியைத் தீக்காயத்திலும், ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடத்திலும் மருத்துவர்கள் இன்றும் வைத்துக் கட்டுகிறார்கள். கடலில் இது தானாகவே பாசிகளிலும் புழுக்களிலும் உண்டாகிறது. கடல் இறாலின் தனி வாசத்தில் இந்தப் புரோமின் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே பொருளையே பழிப்பது எங்கள் நோக்கம் இல்லை. புண்ணில் வைக்கும் துணியில் அதற்கு இடம் இருக்கிறது. பேலட் மரத்தில் இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம்.

காரணத்தைச் சொல்கிறேன். முக்கி எடுத்த மரத்தில் எல்லாப் பூசணமும் செத்துவிடுவதில்லை. தப்பிப் பிழைக்கும் சில வகைகள், தம்மைக் காத்துக்கொள்ள, அந்த நஞ்சின்மேல் மீதைல் தொகுதி என்ற சிறு கார்பன் துண்டை ஒட்டி அதை வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. அப்படிப் பிறப்பது டிரைபுரோமோஅனிசோல். பூசணத்துக்கு அது நஞ்சில்லை. நமக்கோ, மழையில் நனைந்து மக்கிய சாக்கின் வாடை. எளிதில் ஆவியாகிக் கிடங்கு முழுவதும் பரவும். பாலிதீன் உறை அதைத் தடுக்காது. அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் புட்டியும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒயினில் லிட்டருக்கு ஏறத்தாழ 4 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) இருந்தாலே நாக்கும் மூக்கும் கண்டுபிடித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம், 25 கோடி லிட்டரைக் கெடுக்கப் போதும். நான் இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எங்கோ சுழியம் பிழைத்துவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன். பிழை இல்லை.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சமும் இல்லை. அமெரிக்காவில் மெக்நீல் நிறுவனம் 2009 இறுதியிலும் 2010 ஜனவரியிலும் டைலனால் என்ற வலி நிவாரண மாத்திரைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. புட்டியைத் திறந்தால் பூசண வாடை வருகிறது என்றும், சாப்பிட்டால் குமட்டுகிறது, வயிறு வலிக்கிறது என்றும் புகார்கள் வந்தன. வாடைக்குக் காரணமாகக் கண்டது இந்த அனிசோல். மாத்திரைக்கான பொதிப்பொருள்களை ஏற்றிவந்த மர பேலட்டுகளில், பூசணம் வராமல் இருக்கத் தடவிய மருந்திலிருந்து அது வந்திருந்தது. முதல் புகார்கள் 2008லேயே வந்திருந்தும் விசாரணை தாமதமானது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த நிறுவனத்தைக் கண்டித்தது. 2010லேயே லிபிட்டார் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளும் இதே வாடையால் திரும்பப் பெறப்பட்டன. அந்த உடல் தொந்தரவுகள் தற்காலிகமானவை, கடுமையானவை அல்ல என்றார்கள். ஆனாலும், அடியில் கிடந்த கட்டையால் மேலே இருந்த மருந்து வீணானதே, பேலட் செய்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும் தூக்கம் கெட?

உங்களில் முந்திரியும் ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் ஏற்றுகிறவர்கள் இருக்கிறீர்கள். மணத்துக்காகவே விலை போகும் சரக்கு அது. அதன் அடியில் இந்த மருந்து இருக்கக் கூடாது.

இன்னொரு சந்தேகம்: "ஏற்றுமதி பேலட்டில் குத்தும் கோதுமைக் கதிர் முத்திரையும், சூடேற்றியதைக் குறிக்கும் எச்.டி. எழுத்தும் இருந்தும் பூசணம் எப்படி வந்தது?" அந்த முத்திரை சொல்வது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் தொடர்ந்து இருந்தது என்பதை மட்டுமே. உள்ளே இருக்கும் வண்டும் புழுவும் வேறு நாட்டுக்குப் போகாமல் தடுக்க ஏற்பட்ட விதி அது. மரம் காய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஈர மரத்தைச் சூடேற்றி உடனே மூடி வைத்தால் பூசணம் வரத்தான் செய்யும். சில பேலட்டுகளில் எச்.டி.க்குப் பதில் இருக்கும் எம்.பி. என்ற எழுத்தைப் பார்த்து, புரோமின் என்பதால் அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அது மீதைல் புரோமைடு புகையூட்டல். வேறு பொருள், வேறு வேலை. எங்களிடம் அந்த முறை கிடையாது.

ஆகவே இந்த மழைக்காலம் முதல், மருந்துக்குப் பதில் மரத்தை நன்கு காயவைப்பதையே நம்பப் போகிறோம். ஈரம் பார்க்கும் மீட்டரில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காத கட்டையில் ஆணி அடிப்பதில்லை. அடுக்குகளுக்கு இடையே ரீப்பர் சட்டம் வைத்துக் காற்று விடுகிறோம். ரப்பர் மரம் அறுத்ததுமே பூசணம் பிடிக்கும் சாதி என்பதால் அதற்கு மட்டும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் உண்டு. அதற்கு வாடை கிடையாது. ஆனால் மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும், நினைவிருக்கட்டும்.

இதனால் மழை மாதங்களில் சரக்கு கொடுக்க ஒரு வாரம் வரை கூடுதலாகும். பேலட் விலையும் சற்று ஏறும். புதிய விலைப்பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறோம். பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

உங்கள் கிடங்கிலும் ஒரு வேலை இருக்கிறது. தென் அமெரிக்க நாடுகள் சிலவற்றில் மரத்துக்கு இந்தப் புரோமின் மருந்தைப் போடும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. இறக்குமதிச் சரக்கோடு வரும் பழைய பேலட்டுகளைச் செலவு மிச்சம் என்று மறுபடி ஏற்றுமதிக்கு எடுக்காதீர்கள்; அவற்றின் வரலாறு யாருக்கும் தெரியாது. கண்டெய்னரில் ஏற்றும் முன் எங்கள் பேலட்டையும் குனிந்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள். காய்ந்த மர வாசம் தவிர வேறெதுவும் வந்தால், காரணம் கேட்காமல் திருப்பி அனுப்புங்கள். வண்டி வாடகை எங்களுடையது.

நன்றியுடன்,
உங்கள் பேலட் பட்டறையினர்,
தூத்துக்குடி