டி'சில்வாவின் பெயரில் ஏறிக்கொண்ட கோடுகள்

கொழும்பில் இணையப் படிவங்கள் எழுதும் தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகத்தின் பெயர், விலாசப் பதிவுகளைப் பார்ப்பது என் வேலை. டி'சில்வா என்று பெயரிலேயே மேற்கோள் குறி உள்ளவர்கள் இங்கே அடிக்கடி வருவார்கள். ஆங்கிலத்தில் அடித்தால் சென்ட் அந்தனி'ஸ் மாவத்தையிலும் அந்தக் குறி உண்டு.

உங்களில் யாரோ எழுதித்தந்த படிவத்தில் டி'சில்வாவைச் சேமித்தால் டி\'சில்வா ஆகிறார். விலாசம் திருத்த அதே பதிவைத் திறந்து சேமித்தால் டி\\\'சில்வா. அடுத்த தடவை ஏழு கோடுகள். கடித உறையிலும் அப்படியே அச்சாகிறது.

கேட்டால், காட்டும் இடத்தில் ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ் (பிஎச்பி மொழியில் இந்தக் கோடுகளை நீக்கும் கட்டளை) போட்டுவிட்டு “சரி அண்ணா, போயிட்டுது” என்கிறீர்கள். திரையில்தான் போனது. தேடினால் டி'சில்வா அகப்படுவதில்லை. எக்செலில் இறக்கினால் கோடுகள் பத்திரமாக இருக்கின்றன.

முதலில் திரையை விட்டுவிட்டு, டேட்டாபேஸில் பதிவுகள் கிடக்கும் டேபிளைத் திறந்து பாருங்கள். அங்கே கோடு இருந்தால், படிவத்திலிருந்து வந்த மதிப்பை எதுவும் தொடுவதற்கு முன்பே அச்சிட்டுப் பாருங்கள். அதிலேயே கோடு இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ சேர்க்கிறார்கள். இணையத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் இன்றும் சேர்க்கிறது, அதை நீக்க வேர்ட்பிரஸ்ஸின் அன்ஸ்லாஷ் இருக்கிறது. தானாகவே கோடு சேர்த்த பிஎச்பியின் மேஜிக் கோட்ஸ் வசதி 2012இல் 5.4 பதிப்போடு ஒழிந்தது. அதைவிடப் பழைய சர்வரை இன்னும் ஓட்டுபவர்களிடம் கதைத்துப் பயனில்லை.

வந்த மதிப்பு சுத்தமாக இருந்தால் பிழை நீங்கள் எழுதிய புரோகிராமில். டேட்டாபேஸுக்கு அனுப்பும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டில் கட்டளை வேறாகவும் மதிப்பு வேறாகவும் போவதால், பெயரில் உள்ள குறி கட்டளையை உடைக்காது. அதற்கும் மேலே பழக்கதோஷத்தில் அட்ஸ்லாஷஸ் (குறிக்கு முன்னால் கோடு சேர்க்கும் கட்டளை) போட்டால் அந்தக் கோடும் பெயரின் எழுத்தாகவே பதிவாகும். எடுக்க வேண்டியது அட்ஸ்லாஷஸை. தயவுசெய்து பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிவிடாதீர்கள்.

டேபிளில் ' என்று கிடந்தால் அது ஹெச்டிஎம்எல்லுக்கான மாற்றம். பக்கத்தில் காட்டும்போது செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கும் உறைக்கும் அது எதற்கு?

பழைய பதிவுகளைக் கழுவுவது கடைசி வேலை. பேக்கப் எடுங்கள். ஒவ்வொரு பதிவும் வெவ்வேறு தடவை திருத்தப்பட்டிருப்பதால் ஒரே தட்டில் எல்லாம் சரிவராது. உண்மையிலேயே பேக்ஸ்லாஷ் வேண்டிய இடங்களும் இருக்கும்.

அப்புறம், அடுத்த படிவத்தைக் கையளிக்கும் முன் டி'சில்வா என்று அடித்து, மூன்று தடவை திறந்து சேமித்து, டேபிளைப் பார்த்துவிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
பதிவுகள் பார்ப்பவன், கொழும்பு 13