சாளைக்காரியிடம் வாங்கிய வசை

நீரோடி
ஞாயிறு மாலை

அன்புள்ள சவரிக்கு,

ஒன்றரை வருடம் கடிதம் போடாததற்கு என்னென்ன திட்ட நினைத்தாயோ எல்லாவற்றையும் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி. நெட்டையன் உன் கடனை இன்னும் தரவில்லை, தரவும் மாட்டான். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

விஷயம் வேறு. போன செவ்வாய்க்கிழமை உன் பெரியம்மா மகள், அதுதான் நம் சாளைக்காரி அக்கா, குருசடி முன்னால் வைத்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். நீ இருந்திருந்தால் கை தட்டியிருப்பாய்.

2025 மே 25-இல் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய கப்பலை மறந்திருக்க மாட்டாய். அறுநூறுக்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள் அதில் இருந்தன. சில நாளில் பிளாஸ்டிக் குருணை பொழியூர் தாண்டி நம் கரையிலும் ஒதுங்கியது. பயறு அளவில் வெள்ளையாக, ஜவ்வரிசியைக் கொட்டியதுபோல. கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் அள்ளியவர்கள் அந்தப் பக்கம் தொடவில்லை. அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் தொடவில்லை. நானும் டியூஷன் பையன்களும் மாவுச் சல்லடையால் மணலை அரித்தோம். ஈர மணலில் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும், காய்ந்த மணலில் காற்றடித்துக் குருணை பறந்துவிடும். ஒரு முழுக் காலை வேலைக்கு ஒரு ஹார்லிக்ஸ் குப்பி நிறைந்தது. மறுநாள் அலை அதே இடத்தில் அதே அளவு போட்டுவிட்டுப் போயிருந்தது.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கண்ணில் படும் குருணையையாவது அரிக்கலாம். வெயிலிலும் அலையிலும் நொறுங்கித் தூளாகிப் போவதை எந்தச் சல்லடையில் அரிப்பது? சிப்பியை எடுத்துக்கொள். நாள் முழுவதும் கடல்நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும் பிராணி அது. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிப்பி விழுங்கிய நுண்துகள் குடலோடு நிற்காமல் இரத்தம் போன்ற அதன் உடல் திரவத்துக்குள் புகுந்து, 48 நாள் கழித்தும் அங்கேயே இருந்திருக்கிறது. நண்டு செவுள் வழியாகவும் இழுத்துக்கொள்கிறதாம். கடலில் மிதக்கும் குருணை பழைய பூச்சிக்கொல்லி மிச்சங்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்வதை ஜப்பானியர்கள் 2001-இலேயே காட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது ஆளிச் சோதனைதான். ஆளியும் சிப்பி மாதிரி ஓட்டுக்குள் வாழும் பிராணிதான். பிரான்சில் இரண்டு மாதம் பிளாஸ்டிக் துகள் கலந்த நீரில் ஆளிகளை வளர்த்தார்கள். அவை சாகவில்லை. நன்றாகத் தின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் முட்டை 38 சதவீதம் குறைந்தது, குஞ்சுகள் 41 சதவீதம் குறைந்தன. செத்து ஒதுங்கினால் ஊரே கூடிப் பார்க்கும். பிறக்காமல் போனதை யார் பார்ப்பார்கள், சவரி?

வாசகசாலையில் பேசச் சொன்னார்கள், இதைத்தான் பேசினேன். போதாக்குறைக்கு, மீன்குஞ்சுகள் இரையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கையே விரும்பித் தின்கின்றன என்ற 2016 சுவீடன் ஆய்வையும் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அது முறைகேடு என்று மறு வருடமே திரும்பப் பெறப்பட்டிருக்கிறது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மற்ற சோதனைகளிலும் பல, கடலில் உள்ளதைவிட அதிகத் துகளைக் கலந்து செய்தவை. அதையும் நான் மேடையில் சொல்லவில்லை.

மறுநாள் அக்காவின் கூடையில் பாதிச் சாளை விற்காமல் திரும்பியது. "கப்பல் மூழ்கினபோது ஒரு மாதம் எவனும் மீன் வாங்கவில்லை. இப்போதுதான் வாங்கத் தொடங்கினான், நீ மைக் பிடித்துவிட்டாய். உனக்கென்ன, மாதம் பிறந்தால் பென்ஷன்" என்றாள். பதிலே வரவில்லை. நம் நைலான் வலையும் கயிறும் கடலில் தேய்ந்து தூளாவதைச் சொன்னால் தூத்தூர்க்காரர்களும் கம்பெடுப்பார்கள். வாயை மூடிக்கொண்டால் அந்த 38 சதவீதம் இரவில் தூங்க விடவில்லை.

மீன் படிப்புப் படித்தவன் நீ. குடல் எடுத்துச் சமைக்கும் சாளையையும், குடலோடு தின்னும் சிப்பியையும் ஒரே பேச்சில் கலந்தது என் தப்பு என்று தோன்றுகிறது. சரிதானா? விவரமாக எழுது. அடுத்த மாதம் மறுபடி பேசச் சொல்கிறார்கள். அக்காவையும் முன்வரிசையில் உட்காரவைக்கப் போகிறேன். ஒரு நல்ல லென்ஸ் கிடைத்தால் வாங்கி அனுப்பு. காசு நெட்டையனிடம் வாங்கிக்கொள்.

நேற்று தலையைக் குனிந்துகொண்டு போய் அவளிடமே அரைக் கிலோ சாளை கேட்டேன். நிறுத்துப் போட்டுவிட்டு மேலே இரண்டைத் தூக்கி எறிந்தாள். "இந்த இரண்டையும் அறுத்து எண்ணிப் பார்த்து எனக்கும் சொல்" என்றாள்.

இன்னும் அறுக்கவில்லை.

உன்,
சல்லடை வாத்தியார்
(பையன்கள் வைத்த பேர், சிரிக்காதே)