துட்டி வீட்டுல இருக்கறவங்கள அழ விடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மன அழுத்தம் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையையும் அதுக்கப்புறம் வாசகர்கள் எழுதின கடிதங்களையும் விடாம படிச்சிட்டு வரேன். ஒருத்தர் மனசு சரியில்லன்னா கோயில் சர்ச்சுன்னு ஓடாம நேரா டாக்டர்கிட்ட போங்கன்னு எழுதியிருந்தாரு, இன்னொருத்தர் ஜெபம் பண்றவங்களுக்கு மாத்திரை எதுக்கு, மாத்திரை போட்டா அது அவிசுவாசம்னு எழுதியிருந்தாரு. ரெண்டையும் படிச்சிட்டு என்னால சும்மா இருக்க முடியல. நான் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. சபை, டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. எங்க வீட்டுக்காரங்க திடீர்னு ஹார்ட் அட்டாக்ல போனதுக்கப்புறம் நான் திரும்பவும் எழுந்து நடமாடுறேன்னா அதுக்கு இயேசுதான் காரணம், இத யாருகிட்டயும் சொல்ல எனக்கு தயக்கமே கிடையாது. ஆனா அது நடந்த விதம் அந்த ரெண்டு பேரும் நினைக்கிற மாதிரி இல்ல.

துட்டி கேக்க, அதான் சாவு வீட்டுல துக்கம் விசாரிக்க, வந்தவங்கள்ல பாதிப்பேரு எங்கிட்ட சொன்னது ஒரே விஷயம்தான், அழாதீங்க டீச்சர், அவங்க கர்த்தர்கிட்ட போயிட்டாங்க, நீங்களே அழுதா பாக்கறவங்க முன்னால நம்ம விசுவாசத்துக்கு சாட்சி கெட்டுப்போகும்னு. நல்ல மனசோடதான் சொன்னாங்க, எனக்கு அது புரியுது. ஆனா அத கேட்டு கேட்டு எனக்கு அழுகை தொண்டையிலயே நின்னு போச்சு, அடக்கத்துல அழல, வீட்டுக்கு வந்தும் அழல, ராத்திரி தூக்கம் இல்ல, பைபிள தொறந்தா எழுத்து மேல கண்ணு ஓடுது உள்ள ஒண்ணும் போகல, ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வரல. வெளிய பாத்தவங்க டீச்சர் எவ்ளோ தைரியமா இருக்காங்கன்னு பெருமையா பேசிக்கிட்டாங்க.

எங்க மைனி (அண்ணி) ஒருத்தி மட்டும் எனக்கு ஒண்ணும் சொல்லல. வருவா, சோறு வைப்பா, சாயந்தரம் ஆனா பக்கத்துல உக்காந்து பைபிள்ல உள்ள சங்கீதம்ங்கற ஜெபப் பாட்டுகள்ல ஒண்ணு வாசிப்பா, அவ்ளோதான். ஒருநாள் 13ஆம் சங்கீதம் வாசிச்சா. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்? எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" ஓய்வுநாள் பள்ளியில இருந்து எனக்கு தெரிஞ்ச வசனம்தான் அது. ஆனா அன்னிக்கு, கடவுள்கிட்ட இப்படி கேக்கலாம், கேட்டவன அவரு தள்ளல, அந்த கேள்விய வேதத்துலயே எழுதி வச்சிருக்காருன்னு நினைச்சதும் எனக்கு அப்படி ஒரு அழுகை வந்துச்சு. அவ தடுக்கல. புஸ்தகத்த மூடி வச்சிட்டு என் முதுக தடவிக்கிட்டே இருந்தா. எனக்கு சொகம் ஆரம்பிச்சது அன்னிக்குத்தான்.

விசுவாசி அழக்கூடாதுன்னு சொல்றவங்க பைபிள எங்க படிச்சாங்கன்னு எனக்கு தெரியல. 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான், 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரைக்கும் இருட்டுலயே முடியுது, ஒரு ஆறுதல் வார்த்தை கூட கடைசியில கிடையாது, அதையும் யாரும் எடுத்துப்போடாம அப்படியே வச்சிருக்காங்க. எரேமியா பேர்ல புலம்பல்னு 5 அதிகாரம் தனியாவே இருக்கு. 56ஆம் சங்கீதத்துல தாவீது "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்"னு கேக்கறாரு, துருத்தின்னா இங்க தோல் பை, அப்போ நாம விடற கண்ணீர கடவுள் சேத்து வைக்கிறாருன்னுதானே அர்த்தம். இதெல்லாத்தையும் விட, செத்துப்போன சிநேகிதன் லாசருவோட கல்லறையில இயேசு நின்னது. இன்னும் கொஞ்ச நேரத்துல அவன எழுப்பப் போறோம்னு இயேசுவுக்கு நல்லா தெரியும், தெரிஞ்சும் மரியாள் அழறத பாத்து அவரும் கண்ணீர் விட்டாரு. உயிர்த்தெழுதல் கையில இருக்கறவரே அழுதிருக்காருன்னா அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த ஒரு பொம்பளைய அழாதன்னு சொல்ல நாம யாரு?

பிள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்து நின்ன யோபுவோட சிநேகிதங்கள எடுத்துக்கோங்க. 7 நாள் ராத்திரி பகலா அவனோட தரையில உக்காந்து ஒரு வார்த்தை பேசல, அதுவரைக்கும் அவங்க செஞ்சது எல்லாம் சரி. வாய தொறந்து விளக்கம் சொல்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாம் கெட்டுது, கடைசியில கடவுள் கோபப்பட்டது யோபு மேல இல்ல, அவங்க மேலதான்.

இப்ப அந்த மாத்திரை விஷயம். அழுகை வந்த பிறகும் எனக்கு தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, நாமளும் போயிட்டா நல்லதுன்னு நினைப்பு வந்துகிட்டே இருந்துச்சு. இத நான் ஐயரம்மாகிட்டதான், அதாவது எங்க சபை போதகரோட மனைவிகிட்டதான், முதல்ல சொன்னேன். அவங்க எனக்கு பிரசங்கம் பண்ணல, எலியா தீர்க்கதரிசியோட கதைய வாசிக்க சொன்னாங்க, 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில அவ்ளோ பெரிய ஜெயம் கிடைச்ச மனுஷன் அடுத்து வனாந்தரத்துல ஒரு சூரைச்செடிக்கு கீழ உக்காந்து, போதும் கர்த்தாவே என் உயிர எடுத்துக்கோங்கன்னு கேக்கறாரு. கடவுள் அவர திட்டல, உன் விசுவாசம் எங்க போச்சுன்னு கேக்கல. தூங்க விட்டாரு, தூதன் வந்து தட்டி எழுப்பி தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான், சாப்பிட்டு திரும்பவும் படுத்தாரு, திரும்பவும் எழுப்பி சாப்பிட வச்சான். பேச்செல்லாம் அதுக்கு அப்புறம்தான், ஓரேபு மலைக்கு போன பிறகு. இத வாசிச்சு முடிச்சதும் ஐயரம்மா, சரி கிளம்புங்க டாக்டர பாத்துட்டு வருவோம்னு என்கூட பஸ் ஏறினாங்க. மாத்திரை தூக்கத்த குடுத்துச்சு, தூங்கி எழுந்ததுனாலதான் காலைல வேதம் வாசிக்க தெம்பு வந்துச்சு. அப்போஸ்தலன் பவுல் கூடவே இருந்த லூக்காவே வைத்தியர்தான், பிரியமான வைத்தியன்னு பவுல் எழுதியிருக்காரு, வேலூர்ல ஐடா ஸ்கடர் அம்மா ஆஸ்பத்திரி ஆரம்பிச்சது விசுவாசம் இல்லாமயா? மாத்திரைய நிறுத்துங்கன்னு சொல்லி யாராவது ஒரு உயிர் போயிட்டா அதுக்கு யாரு கணக்கு குடுப்பா? இத எழுதும்போது எனக்கு கோபம் வருது, மன்னிச்சுக்கோங்க.

அடுத்தது தினசரி வழிநடத்துதல், அதாவது கடவுள் அன்னன்னிக்கு நம்மள எப்படி நடத்துறாருங்கறது. இப்ப காலைல போன எடுத்தா வாட்ஸாப்புல பூப்படம் போட்டு அன்றைய வாக்குத்தத்தம்னு, கடவுள் குடுத்த வாக்கா ஒரு வசனம், வந்துகிட்டே இருக்கு, புது வருஷ ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுக்கறோம், நானும் எடுக்கறேன், தப்புன்னு சொல்லல. ஆனா என்ன நடத்தினது அது இல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமா வரிசையா வாசிக்கறதுதான். வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு கடவுள் குடுத்த மன்னாங்கற ஆகாரத்த அன்னன்னிக்கு உள்ளத அன்னன்னிக்கு பொறுக்கணும், மறுநாளைக்குன்னு வச்சா புழு வச்சிடும்னு யாத்திராகமம் 16ல இருக்கே, துக்கத்துல இருக்கறவங்களுக்கு அதுதான் சரியான அளவு. பென்ஷன், வீடு, பிள்ளைங்க வெளியூர்ல, இனி நான் தனியா எப்படின்னு மொத்தத்தையும் நினைச்சா மூச்சு முட்டும், "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்"னு இயேசு சொன்னத புடிச்சுக்கிட்டு இன்னிக்கு என்னன்னு மட்டும் பாத்தேன்.

ஒரு உதாரணம் சொல்றேன். எங்க வீட்டுக்காரங்க குடும்ப சொத்துல ஒரு பிரச்சினை வந்து வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போச்சு. வாசிப்புல அந்த நேரம் ரோமர் 12 வந்துச்சு, "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்". அதனால நானே அந்த சொந்தக்காரங்க வீட்டுக்கு போனேன், காப்பி குடிச்சேன், கோபம் இல்லாம பேசினேன், என் பங்குக்கு உள்ள பேப்பர வக்கீல்கிட்ட ஒழுங்காவும் குடுத்தேன். என்னால ஆனத செஞ்சாச்சு, மிச்சம் அவங்க கையில, கடவுள் கையில. பிரச்சினை இன்னும் முழுசா தீரல ஆனா நான் ராத்திரி தூங்குறேன். கண்ண மூடிக்கிட்டு பைபிள்ல விரல் வச்சு வீட்ட விக்கவா வேண்டாமான்னு கேக்கறது எனக்கு சரியா படல, தினமும் வாசிக்கறவங்களுக்கு மனசோட போக்கே மெல்ல மாறும், முடிவு அதுலேர்ந்து வரும்.

சொகம்னா வலி போயிடறதுன்னு மட்டும் நினைக்கிறவங்களுக்கு எங்க ஜில்லா டோனாவூர சொல்லணும். கைவிடப்பட்ட பிள்ளைங்கள எல்லாம் எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்து கால் உடைஞ்சாங்க, 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். எத்தன பேரு ஜெபிச்சிருப்பாங்க, அவங்களே எவ்ளோ ஜெபிச்சிருப்பாங்க, கால் சரியாகல. படுத்துக்கிட்டே எழுதினாங்க, பிள்ளைங்கள ரூமுக்கு கூப்பிட்டு பேசினாங்க. பவுலும் தன் சரீரத்துல ஒரு முள் மாதிரி இருந்த பாட்ட எடுத்துப்போடச் சொல்லி கேட்டாரு, அது எடுபடல, "என் கிருபை உனக்குப்போதும்"ங்கற பதில்தான் கிடைச்சுது. எனக்கும் எங்க வீட்டுக்காரங்க இல்லாத வலி போகல, அவங்க நாற்காலிய பாத்தா இன்னிக்கும் கலங்கும். அதோடயே இருக்க பெலன் கிடைச்சிருக்கு, நானும் இப்ப மைனி கூட துட்டி வீடுகளுக்கு போய் சும்மா உக்காந்து சங்கீதம் வாசிச்சிட்டு வரேன்.

நம்ம சபை ஐயர்மாருக்கும் (போதகர்களுக்கும்) பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் உங்க பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள். சாவு நடந்த வீட்டுல முதல் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்ட மாட்டாங்க, அதனால கேரல் ரவுண்ட்ஸ் வர பிள்ளைங்களும் அந்த வீட்ட தாண்டி போயிடறாங்க. தெரு முழுக்க பாட்டு சத்தம், நம்ம வாசல்ல மட்டும் யாரும் இல்லன்னா அந்த ராத்திரி ரொம்ப கொடுமை. முந்தின நாளே போய் கேளுங்க, வரட்டுமான்னு. டிரம் வேண்டாம், நம்ம பாட்டுப் புஸ்தகம் பாமாலையில மெதுவா ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், போதும். வேண்டாம்னு சொன்னாங்கன்னா சரின்னுட்டு அடுத்த நாள் சாப்பாடு கொண்டு போங்க.

ஆசிரியர் ஐயா, இந்த கடிதத்த போட்டீங்கன்னா மனசு சரியில்லாதவங்க போன்ல பேசறதுக்கு உள்ள அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416ஐயும் கூடவே போடுங்க. இலவசம்தான், ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க. சர்ச் நோட்டீஸ் போர்டுலயும் ஆராதனை நேரத்துக்கு கீழ இத எழுதி வைக்க சொல்லி எங்க சபையில கேட்டிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.