பார்சலில் ‘காலி’ என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்னி பஸ்களிலும் லாரி பார்சலிலும் பட்டாசு, தின்னர் எல்லாம் மறைத்து அனுப்பப்படுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசியமான கட்டுரை. அதில் இடம்பெறாத ஒரு சாமானைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை யாரும் மறைத்து அனுப்புவதில்லை. என்னவென்று தெரியாமல், பட்டப்பகலில், பில் போட்டே அனுப்புகிறார்கள். நானும் பல வருடம் அனுப்பியிருக்கிறேன்.

கோவை கணபதியில் ஹைட்ராலிக் பட்டறை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின், பிரஸ், பொக்லைனில் மாட்டும் பிரேக்கர், சில காற்றாலைகள் என்று பலவற்றில் அக்குமுலேட்டர் என்ற பாகம் இருக்கும். பார்ப்பதற்குக் குட்டி சிலிண்டர் மாதிரி, தூக்கினால் நல்ல கனம். உள்ளே ஒரு ரப்பர் பை. நாங்கள் பிளாடர் என்போம். பைக்குள் நைட்ரஜன், பைக்கு வெளியே ஆயில். பம்பு ஆயிலைத் தள்ளத் தள்ள நைட்ரஜன் சுருங்கி, ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும்.

மெஷினை நிறுத்தி ஆயிலை வடித்துவிட்டால் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சரி, காலியாகிவிட்டது என்று கழற்றிவிடுவார்கள். அந்த முள் காட்டுவது ஆயில் பக்கத்துப் பிரஷரை மட்டும்தான். பைக்குள் அடைத்த நைட்ரஜன் அப்படியே உட்கார்ந்திருக்கும். 10 லிட்டர் அக்குமுலேட்டரில் 100 பார் (பார் என்பது பிரஷர் அளவு) நிரப்பியிருந்தால், வெளியே விட்டால் சுமார் 1,000 லிட்டராக விரியக்கூடிய வாயு அதற்குள் அடைபட்டிருக்கிறது. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டரை பாருக்கும் குறைவு என்பதை வைத்துப் பார்த்தால் இதன் பலம் புரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு வெளியூர் மோல்டிங் கம்பெனி ஒன்றிலிருந்து அப்படி ஓர் அக்குமுலேட்டர் சர்வீசுக்கு வந்தது. லாரி பார்சல். ரசீதில் ‘மெஷின் ஸ்பேர் – காலி’ என்று எழுதியிருந்தது. சாக்கைப் பிரித்தால் ஆயில் வாய் திறந்தே கிடந்தது. அதில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். என்னிடம் நான்கு வருடமாக வேலை பார்த்த பையன், கேஜ் மாட்டிப் பார்க்காமல், மேல்மூடியைக் கழற்றி, நைட்ரஜன் நிரப்பும் வால்வின் உடம்பில் ஸ்பேனரைப் போட்டான். அரைச் சுற்றுதான் திருப்பியிருப்பான். முதலில் குக்கர் விசில் போல ஒரு சத்தம். ‘அண்ணா’ என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த நொடியில் வால்வு பிய்த்துக்கொண்டு கிளம்பித் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. ஸ்பேனர் தெறித்து அவன் மணிக்கட்டு கிழிந்தது, ஏழு தையல். திரும்பிப் பார்க்காமல் வால்வையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

அனுப்பியவருக்கு போன் போட்டேன். ‘ஆயில் எல்லாம் சுத்தமா இறக்கிட்டோம்ங்களே’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ‘காலி’ அதுதான். அந்த ‘காலி’யோடு அது ராத்திரி முழுக்க லாரியில் துணி பேலுக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் நடுவே உருண்டு வந்திருக்கிறது. லோடுமேன் தோளில் சுமந்து இறக்கியிருக்கிறார்.

அதற்கு அப்புறம்தான் இதற்கு என்ன விதி என்று தேடிப் படித்தேன். விதி தெளிவாகவே இருக்கிறது. ஆபத்தான சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் வைத்திருக்கும் பட்டியலில் இந்த மாதிரிப் பொருள்களுக்கென்றே ஓர் எண் உண்டு: யு.என். 3164. தீப்பற்றாத வாயு அடைத்த, காற்றழுத்த அல்லது ஹைட்ராலிக் பொருள்கள் என்பது அதன் பொருள். வகுப்பு 2.2, அதாவது தீப்பற்றாத, நச்சில்லாத வாயு. பெட்டி மேல் பச்சை நிறச் சாய்சதுர லேபிள், அதில் சிலிண்டர் படம், கீழே 2 என்ற எண். கப்பலுக்கும் விமானத்துக்கும் இதே எண்தான். ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது மனப்பாடம். விமானத்தில் அனுப்ப வேண்டுமென்றால் பயிற்சி பெற்றவர் அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

பிரஷர் உள்ள எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஆபத்து என்று இந்த விதி சொல்வதில்லை. அதனால்தான் எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது. விளையாட்டுப் பந்துகளுக்குக்கூட விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கார் டிக்கியைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் போன்றவை சில நிபந்தனைகளோடு சாதாரணச் சரக்காகப் போகலாம். வாயு இருக்கும் இடம் 1.6 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, பிரஷர் 280 பாரைத் தாண்டக்கூடாது. அது போதாது, லிட்டரையும் பாரையும் பெருக்கினால் 80-க்குள் வர வேண்டும். அரை லிட்டர் என்றால் 160 பார் வரை, ஒரு லிட்டர் என்றால் 80 பார்தான். வெடிக்கும் பிரஷர் நிரப்பிய பிரஷரைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். அரை லிட்டருக்கு மேற்பட்டது என்றால் ஐந்து மடங்கு. நெருப்பில் போட்டுச் சோதித்து, துண்டு துண்டாகச் சிதறாது, ராக்கெட் மாதிரிப் பாயாது என்று தயாரிப்பாளர் காட்டியிருக்க வேண்டும். எங்கள் பட்டறைக்கு வந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 லிட்டர், 100 பார். பெருக்கினால் 1,000. இந்த விலக்கில் அடங்காது.

நம் நாட்டில் சாலை வழி ஆபத்தான சரக்குக்கு 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இருக்கின்றன. 131-ஆவது விதி பொறுப்பை முதலில் அனுப்புகிறவர் தலையில்தான் வைக்கிறது: சரக்கைப் பற்றிய முழு விவரத்தையும் வண்டிக்காரருக்கு அவர் கொடுக்க வேண்டும். நியாயமான விதி. சாக்குக்குள் இருப்பது அனுப்புகிறவருக்குத்தானே தெரியும்? ஆனால் எங்கள் ஊர் பார்சல் ஆபீஸில் நடப்பது வேறு. ‘உள்ளே என்னங்க?’, ‘மெஷின் ஸ்பேருங்க.’ எடை போட்டு ரசீது கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆம்னி பஸ்ஸில் இந்தக் கேள்வியும் கிடையாது. மேலே ஆட்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள், காலுக்கடியில் டிக்கியில் இது வரும்.

வெயிலில் சூடேறி வெடித்துவிடுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மூடிய லாரிக்குள் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனாலும் பிரஷர் 14 சதவீதம் போலத்தான் ஏறும். நல்ல உடம்புள்ள அக்குமுலேட்டர் அதைத் தாங்கும். என் பயம் மூன்று விஷயத்தில்: வண்டியில் தீப்பிடித்தால், இறக்கும்போது வால்வு அடிபட்டால், தெரியாத ஒருவர் ஸ்பேனரை எடுத்தால். தீயணைப்பு வீரர் தண்ணீர் பீய்ச்ச நெருங்கும்போது, துணி பேல் எரிகிறது என்றுதானே நினைத்து வருவார்? பச்சை லேபிள் அவருக்காகவும்தான்.

‘காலி’ என்ற சொல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1996 மே 11 அன்று அமெரிக்காவின் மியாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய வேல்யூஜெட் 592 விமானம் சில நிமிடங்களில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. இருந்த 110 பேரும் இறந்தார்கள். சரக்கறையில் ஏற்றியிருந்தவை, பயணிகளின் அவசர முகமூடிக்கு ஆக்சிஜன் தரும் பழைய ஜெனரேட்டர்கள். இவை வேறு வகை, உள்ளே இருப்பது ரசாயனம். ஆனால் கதை ஒன்றுதான். பராமரிப்புப் பட்டறையில் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள், பாதுகாப்பு மூடி போடவில்லை, சரக்குச் சீட்டில் ‘காலி’ என்று எழுதினார்கள். அவை காலியாக இல்லை. அவற்றால்தான் விமானத்தில் தீப்பிடித்தது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களும் என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஆகஸ்டில் மதுரை ரயில்வே யார்டில், லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் போனார்கள். ரயிலில் கேஸ் சிலிண்டர் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனாலும் சிலிண்டர் மதுரை வரை வந்து சேர்ந்தது.

இப்போது எங்கள் பட்டறையிலிருந்து பிரஷரோடு எதுவும் வெளியே போவதில்லை. நைட்ரஜனை முழுக்க வெளியே விட்டு, வால்வு ஊசியைக் கழற்றித் தனிப் பொட்டலத்தில் போட்டுத்தான் அனுப்புகிறோம். பிளாடர் பாழாகாமல் இருக்க வாயுவை மெதுவாக விட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. பிறகு அவர்கள் ஊரிலேயே நைட்ரஜன் ஏற்பாடு செய்யச் சொல்லி, கேஜும் ஹோஸும் எடுத்துக்கொண்டு எங்கள் ஆள் போய் நிரப்பிக் கொடுக்கிறார். இதில் எனக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது. ‘பிரஷர் போட்டே அனுப்புங்க, நாங்க மாட்டிக்கிறோம்’ என்று கேட்டு, நான் மறுத்ததால் வேறு பட்டறைக்குப் போன வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நைட்ரஜன் கிடைக்காத ஊரில் ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டவர்களும் உண்டு. ஐயா, ஆயிலும் ஆக்சிஜனும் பிரஷரில் சேர்ந்தால் வெடிகுண்டு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

நிரப்பித்தான் அனுப்பியாக வேண்டும் என்ற நிலை வந்தால், வால்வுக்குக் கவசம் போட்டு, மரப்பெட்டியில் அசையாமல் கட்டி, லேபிள் ஒட்டி, உள்ளதைச் சொல்லி, ஏற்றுக்கொள்ளும் வண்டியில் அனுப்பட்டும். வாடகை கூடத்தான் கேட்பார்கள்.

லாரி, பார்சல் சேவை நடத்துகிறவர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது ஒரே ஒரு வரிதான். புக்கிங் சீட்டில் ‘உள்ளே காற்றோ கேஸோ அடைத்திருக்கிறதா? ஆம் / இல்லை’ என்று அச்சடியுங்கள். அதன் கீழே அனுப்புகிறவர் கையெழுத்து. கேள்வி கேட்டால்தான் மோல்டிங் கம்பெனி மேனேஜர் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார், எனக்கு போன் போடுவார். சிறுதொழில் சங்கங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு அக்குமுலேட்டரிலும் கம்பியால் ஓர் அட்டை கட்டுகிறோம். மற்ற பட்டறைக்காரர்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்: ‘ஆயில் வடிக்கப்பட்டது. நைட்ரஜன் வெளியேற்றப்பட்டது. கேஜ் மாட்டிப் பார்த்தவர் பெயர், தேதி. வால்வு ஊசி தனியே உள்ளது. இந்த அட்டை இல்லாவிட்டால் உள்ளே பிரஷர் இருப்பதாகவே நினைத்துக் கையாளவும்.’

இப்படிக்கு,
ஒரு ஹைட்ராலிக் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.